பொறியின்றிப் பறத்தல்

கோடைக்கால நண்பகலில் வானத்தை அண்ணாந்து நோக்கினால், பருந்து ஒன்று விரித்த சிறகை மடக்காமல் வட்டமிட்டுக்கொண்டிருப்பதைக் காணலாம். காக்கையும் புறாவும் சிறகடித்துப் பறக்கின்றன. அடிப்பதை நிறுத்தினால் அவை விரைவில் தாழ்ந்துவிடும். பருந்தோ நெடுநேரம் சிறகை அசைப்பதே இல்லை. ஆயினும் அது தாழ்வதில்லை. வட்டத்திற்கு வட்டம் மேலே மேலே செல்கின்றது. மலையடிவாரத்து ஊர்களில் வாழும் மாணவர்கள் மற்றொரு காட்சியையும் கண்டிருத்தல் கூடும். காற்று மலைமுகத்தில் மோதும் நாளில், பருந்துகள் வட்டமிடாமலே சரிவையொட்டி இங்குமங்கும் உலவுகின்றன. சில வேளைகளில் காற்றை எதிர்நோக்கி, வானத்திலிருந்து நூல் கட்டித் தொங்கவிட்டாற்போல ஓரிடத்திலேயே நிற்கின்றன. அவற்றைத் தாங்குவது யாது?

இவ்வினாவுக்கு விடை கண்ட மனிதன், பருந்தைப் போலத் தானும் பறக்கக் கற்றுக்கொண்டான். அவ்வாறு பறப்பதற்கு அவன் அமைத்த ஊர்தியே 'கிளைடர்' என வழங்கும் சறுக்கு விமானம். அதற்கு ஒடுங்கி நீண்ட இரண்டு இறக்கைகள் உண்டு. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அளந்தால் 15 மீட்டரோ அதற்கு மேலோ இருக்கும். மெல்லிய உடலும், வாலும், தரையில் உருள்வதற்கு ஒரு சக்கரமும் உண்டு. பொறி மட்டும் இல்லை. பொறி இல்லாமையால் சுழல்விசிறி இல்லை, எண்ணெய் இல்லை, இரைச்சலும் இல்லை. முற்காலத்தில் இதனை மரத்தாலும் துணியாலும் செய்தனர். பிற்காலத்தில் கண்ணாடியிழையால் செய்யலாயினர்.

பொறியில்லாத விமானம் எவ்வாறு முன்னே செல்லும்? சரிவான பாதையில் மிதிவண்டியை மிதியாமல் விட்டால் அது தானே உருண்டோடுகின்றது அன்றோ? அதுபோலவே சறுக்கு விமானமும் காற்றாகிய சரிவில் சறுக்கிக்கொண்டே முன்னேறுகின்றது. தன் உயரத்தைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு, அதற்கு ஈடாக வேகத்தைப் பெறுகின்றது. பயிற்சிக்குரிய ஒரு சறுக்கு விமானம் நொடிக்கு 25 மீட்டர் முன்னேறும்பொழுது, ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்கின்றது. எனவே 300 மீட்டர் உயரத்தில் அதனைக் கொண்டுபோய் விட்டால், அசைவற்ற காற்றில் 5 நிமிடத்தில் அது தரையை அடைந்துவிடும். இதுவே சறுக்கு விமானத்தைப் பற்றி முதன்முதல் அறியவேண்டிய உண்மை. அது எப்பொழுதும் கீழ்நோக்கியே இறங்கிக்கொண்டிருக்கின்றது. மேலேறும்பொழுதும் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றது.

இஃது எவ்வாறு பொருந்தும் என்று நீங்கள் வினவலாம். கிணற்றில் நீர் இறைக்கும்பொழுது, மேலேறும் கயிற்றின்மீது ஓர் எறும்பு கீழ்நோக்கி ஊர்கின்றது எனக் கொள்வோம். கயிற்றை அளவாகக் கொண்டால் எறும்பு கீழேதான் செல்கின்றது. ஆனால், கயிறு அதனினும் விரைந்து மேலேறுவதால், எறும்பு கிணற்றின் வாயை நோக்கி உயர்கின்றது. இறைப்பவர் கை ஓய்ந்தால் எறும்பு கிணற்றுள் இறங்கத் தொடங்கும். சறுக்கு விமானமும் அத்தகையதே. அது தாழும் வேகத்தினும் மிக்க வேகத்தோடு மேலெழும் காற்றைக் கண்டு அதனுள் புகுந்தால், அக்காற்று அதனை உயர்த்திச் செல்லும். பருந்தைத் தாங்குவதும் இவ்வாறு மேலெழும் காற்றே ஆகும்.

காற்று மேலெழுவதற்குக் காரணங்கள் பல. வெயிலால் சூடேறிய நிலத்தின்மீது காற்றும் சூடேறி, இலேசாகி மேலெழுகின்றது. வயல்வெளியில் வட்டமிடும் பருந்து இதனையே நாடுகின்றது. மலையால் எழும் காற்று வேறொரு வகையைச் சார்ந்தது. ஓடையில் பாய்ந்துவரும் நீர், குறுக்கே கிடக்கும் பாறையை எதிர்ப்படும்பொழுது, பாறையின் முன்புறத்தில் எழும்பி, மேலே வழிந்து, பின்புறத்தில் விழுந்து சுழிக்கின்றது. அதுபோலவே, சமவெளியில் வீசிவரும் காற்று நீண்ட குன்று ஒன்றினை எதிர்ப்பட்டால், சரிவின் வழியே மேலேறி, முகட்டைக் கடந்து, மறுபக்கத்தில் கீழிறங்குகின்றது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகின்றது எனக் கொள்வோம். அது 10 மீட்டர் செல்வதற்குள் 2 மீட்டர் உயருமாறு குன்று அதனைத் திருப்பிவிடுமாயின், அங்கே காற்று நொடிக்கு 2 மீட்டர் வீதம் மேலெழும். விமானம் தாழ்வது 1 மீட்டர். எஞ்சுவது 1 மீட்டர் உயர்வு. நிமிடத்திற்கு 60 மீட்டர்.

இக்கணக்கைக் கண்டு, விமானம் எல்லையின்றி உயர்ந்துகொண்டே போகும் என்று எண்ணிவிடலாகாது. குன்றிலிருந்து மேலே செல்லச்செல்ல அதன் தாக்கம் குறைந்து, எழுச்சியும் தளர்கின்றது. எழும் வேகமும் தாழும் வேகமும் சமமாகும் உயரத்தில் ஏற்றம் நின்றுவிடும். மேலும், காற்று குன்றின் முகத்தில் நேராக மோதுதல் வேண்டும். சாய்ந்து வீசினால் அதன் பெரும்பகுதி சரிவில் ஏறாமல் குன்றின் ஓரமாக வழுவிச் சென்றுவிடும். காற்றின் வலிமையும் போதிய அளவினதாய் இருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஏற்றம் குறையும். முகட்டைக் கடந்து பின்புறத்திற்குச் சென்றாலோ, அங்கே காற்று கீழ்நோக்கிப் பாய்ந்து சுழிக்கின்றது. முன்புறத்தில் ஏணியாய் இருந்த அதே காற்று, பின்புறத்தில் படுகுழியாகின்றது.

இவ்வுண்மைகளை மனிதன் எளிதில் அறிந்துகொள்ளவில்லை. ஜெர்மனி நாட்டவரான ஓட்டோ லிலியென்தால் என்பார் பறவைகளின் பறத்தலைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 1889-இல் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1891 முதல் தாமே செய்த இறக்கைகளைப் பூண்டு, குன்றுகளின் மேலிருந்து காற்றில் பாய்ந்து சறுக்கிப் பழகினார். தகுந்த குன்று அருகில் இல்லாமையால், பெர்லின் நகரத்தின் அருகே 1894-இல் ஒரு செயற்கைக் குன்றையே எழுப்பினார். ஏறத்தாழ 2,000 முறை அவர் அவ்வாறு பறந்தார். 1896 ஆகஸ்டு 9-ஆம் நாள் அவர் பறந்துகொண்டிருந்தபொழுது, ஊர்தியின் முன்புறம் மேல்நோக்கி எழுந்து, வேகம் குன்றி, ஊர்தி தலைகீழாய் விழுந்தது. முதுகெலும்பு முறிந்த அவர், மறுநாள் உயிர் நீத்தார். இறக்கையைத் தாங்குவது அதன்மீது பாயும் காற்றின் வேகமே. அவ்வேகம் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் இறக்கை தாங்கும் ஆற்றலை இழக்கும். அம்மேதையின் முடிவு பின்வந்தோர்க்கு இதனை மறவாதவாறு உணர்த்தியது.

அவரைப் பின்பற்றிச் சறுக்கு விமானத்தில் பழகியே அமெரிக்க நாட்டு ரைட் சகோதரர் 1903-இல் பொறியுடைய விமானத்தைப் பறக்கவிட்டனர். பொறி கைவந்த பின்னரும் அவர்கள் பொறியின்றிப் பறத்தலை முற்றும் மறந்தார் அல்லர். 1911 அக்டோபர் 24-ஆம் நாள், இளையவராகிய ஆர்வில் ரைட், வடகரோலினாக் கடற்கரையிலுள்ள கில் டெவில் மணற்குன்றின் முகத்தில் மோதிய பலத்த காற்றில், 9 நிமிடம் 45 நொடி மிதந்து நின்றார். அதனை விஞ்சுவதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின.

முதல் உலகப்போர் முடிந்தபின், 1919-இல் ஏற்பட்ட வெர்சேல்சு உடன்படிக்கை, ஜெர்மானியர் பொறியுடைய விமானங்களை அமைப்பதற்குத் தடைகள் விதித்தது. பறக்கும் வேட்கை கொண்ட இளைஞர்கள் சோர்ந்துவிடவில்லை. பொறி கூடாதெனின், பொறியின்றிப் பறப்போம் என்று துணிந்தனர். ஓஸ்கார் உர்சினஸ் என்பாரின் முயற்சியால், ரோன் மலைப்பகுதியில் 950 மீட்டர் உயரமுள்ள வாசர்குப்பே என்னும் மலையில் 1920-இல் சறுக்கு விமானப் போட்டி தொடங்கியது. தொடக்கத்தில் பறந்தவர்கள் சில நிமிடங்களில் அடிவாரத்தை அடைந்தனர். 1922 ஆகஸ்டில், ஹனோவர்த் தொழிற்கல்லூரியில் உருவான 'வாம்பிர்' என்னும் விமானத்தில் ஆர்தர் மார்ட்டென்ஸ் ஒரு மணி நேரத்திற்கு மேல் பறந்தார். சில நாள்களுக்குள் ஹென்ட்சன் என்பார் அதே விமானத்தில் மூன்று மணி நேரத்தையும் கடந்தார். அவர்கள் செய்தது யாது? காற்று மேலெழும் சரிவை விட்டு அகலாமல், அதன் நெடுகிலும் இங்குமங்கும் உலவினர். பருந்து அறிந்திருந்ததை மனிதனும் அறிந்துகொண்டான்.

அன்று முதல் இக்கலை பல நாடுகளுக்கும் பரவிற்று. இங்கிலாந்தில், வேல்ஸ் நாட்டு எல்லைக்கு அருகில், ஷ்ராப்ஷயர் என்னும் மாவட்டத்தில் லாங் மிண்ட் என்ற நெடிய குன்று ஒன்று உள்ளது. அது ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் உச்சி கடல்மட்டத்திற்கு மேல் 516 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் மேற்குமுகம் ஒரு மதில்போலச் செங்குத்தாக எழுந்து நிற்கின்றது. முகட்டில் குறும்புதர்களும் புல்வெளிகளும் பரந்துள்ளன. அவற்றிடையே செம்மறியாடுகள் மேய்கின்றன. அந்நாட்டில் மேல்காற்றே மிகுதி. ஆதலால், 1934 முதல் ஒரு சறுக்கு விமானச் சங்கத்தார் இக்குன்றின் உச்சியில் இறங்குதளம் அமைத்துப் பறந்து வருகின்றனர். இளவேனிற் காலத்தில், வெயிலும் மேகமும் மழைத்தூறலும் மாறிமாறி வரும் நாள் ஒன்றில், இக்குன்றின்மீது பறக்கும் விமானி எதிர்ப்படுவன யாவை என்பதை இனி நோக்குவோம்.

காலையில் காற்று நேர்மேற்கிலிருந்து வீசுகின்றது. விமானி தம் இருக்கையில் அமர்ந்து வாரினால் தம்மைப் பிணித்துக்கொள்கின்றார். கருவிகளையும், இறக்கையின்மேல் எழும் வேகத்தடைப் பலகைகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கின்றார். விமானத்தின் முன்புறக் கொக்கியில் நீண்ட ரப்பர்க் கயிறு மாட்டப்பெறுகின்றது. அதன் இரு நுனிகளையும் மூவர் நால்வராகப் பற்றிக்கொண்டு, சரிவை நோக்கி இரு பிரிவாக விரிந்து நிற்கின்றனர். ஒருவர் இறக்கையின் முனையை ஏந்தி நிற்கின்றார். ஒருவர் வாலைப் பற்றியிருக்கின்றார். "நடங்கள்" என்னும் ஆணை பிறந்ததும் கயிற்றைப் பற்றியோர் நடக்கின்றனர். "ஓடுங்கள்" என்றதும் சரிவில் ஓடுகின்றனர். கயிறு நன்கு இழுபட்டதும் வாலைப் பற்றியவர் விட்டுவிடுகின்றார். உண்டிவில்லிலிருந்து விடுபட்ட கல்போல விமானம் முகட்டைக் கடந்து வெளியே பாய்கின்றது. பொறியுடைய விமானத்தால் இழுத்தும், தரையிலுள்ள உருளையில் கம்பியைச் சுற்றி இழுத்தும் ஏவும் முறைகளும் உண்டு. ஆயினும், மலைமுகத்தில் காற்று வலிதாக வீசும் நாளில் சில மனிதரின் கால்வலிமையே போதுமானதாகின்றது.

விமானி உடனே திரும்பிச் சரிவுக்கு இணையாகச் செல்கின்றார். மேற்கிலிருந்து வீசும் காற்று விமானத்தைக் குன்றின் பக்கம் தள்ளும். ஆதலால், வெள்ளம் ஓடும் ஆற்றைக் கடக்கும் ஓடக்காரர் ஓடத்தின் முகத்தை நீர்வரவை நோக்கிச் சாய்த்து வைப்பதுபோல, விமானியும் முன்புறத்தைச் சற்றுக் காற்றின் பக்கம் திருப்பி வைத்துச் செல்கின்றார். எழுச்சியுள்ள பகுதியின் எல்லையை அடைந்ததும் திரும்பவேண்டும். அவ்வாறு திரும்பும்பொழுது எப்பொழுதும் குன்றுக்குப் புறம்பாக, காற்றை எதிர்நோக்கியே திரும்புவார். குன்றை நோக்கித் திரும்பினால் காற்றும் பின்னின்று தள்ளும்; சரிவு கண்ணிமைக்கும் நேரத்தில் நெருங்கிவிடும்.

ஒரே சரிவில் பல விமானங்கள் உலவுவதால், அவற்றிற்கு நெறிகளும் உண்டு. இரண்டு விமானங்கள் ஏறத்தாழ ஒரே உயரத்தில் எதிரெதிரே வந்தால், குன்றைத் தம் வலப்பக்கத்தில் உடையவர் ஒதுங்குவதற்கு இடமில்லாதவர். ஆதலின் அவர் தம் வழியே செல்வார். குன்றை இடப்பக்கத்தில் உடையவர், வெளிப்புறமாகிய வலப்பக்கத்தில் விலகி வழிவிடுவார். இடமுடையவர் இடமில்லாதவர்க்கு வழிவிடுதல் என்னும் நல்லொழுக்கமே இங்கு வான்வழிச் சட்டமாயிற்று.

விமானியின் முன்னே பல கருவிகள் உள்ளன. ஒன்று வேகத்தையும், ஒன்று உயரத்தையும் காட்டும். மற்றொன்று, விமானம் நொடிக்கு எத்தனை மீட்டர் உயர்கின்றது அல்லது தாழ்கின்றது என்பதைக் காட்டும். இவற்றோடு, முன்கண்ணாடியின் வெளியே ஒட்டிய சிறு கம்பளி நூல் ஒன்றும் உண்டு. விமானம் நேராகச் சென்றால் நூல் நேராக நிற்கும். பக்கவாட்டில் வழுவினால் அதுவும் சாயும். விலையுயர்ந்த கருவிகளுக்கிடையே இவ்வெளிய நூலையும் விமானிகள் மதித்துப் போற்றுகின்றனர். ஆயினும், கருவிகளைக் காட்டிலும் வெளியே நோக்கும் கண்ணே முதன்மையானது.

முதல் ஒரு மணி நேரம் காற்று ஒரே சீராக வீசுகின்றது. விமானம் இறங்குதளத்திற்கு மேல் 250 மீட்டர் உயரத்தில் எளிதாக உலவுகின்றது. பின்னர் வெயில் ஏறுகின்றது. நிலம் சூடேறி ஆங்காங்கே வெப்பக்காற்று எழுகின்றது. அதன் உச்சியில் பஞ்சுபோன்ற மேகங்கள் தோன்றுகின்றன. அவ்வெழுச்சி குன்றின் எழுச்சியோடு சேரும் இடத்தில், விமானம் நொடிக்கு 3 மீட்டர் வீதம் உயர்கின்றது. ஆனால், காற்று ஓரிடத்தில் எழுமாயின், அதன் அருகில் மற்றோரிடத்தில் இறங்கத்தான் வேண்டும். மேகத்தைக் கடந்து அவ்விடத்தை அடைந்ததும், குன்று உயர்த்துவதை அவ்விறங்கு காற்று அழித்துவிடுகின்றது. ஈட்டிய 100 மீட்டரும் ஓரிரு நிமிடங்களில் கரைகின்றன. அறிந்த விமானி கலங்குவதில்லை. எழுச்சியுள்ள இடத்தில் மெல்லச் சென்று அதன் பயனை மிகுதியாகப் பெறுகின்றார். இறக்கமுள்ள இடத்தை விரைந்து கடக்கின்றார்.

நண்பகலில் மற்றொரு புதுமை நேர்கின்றது. தரையிலுள்ள காற்றுப்பை முன்போலவே விறைத்து நிற்கின்றது; திசையும் மாறவில்லை; ஆயினும் சரிவு முழுவதிலும் எழுச்சி மறைந்துவிடுகின்றது. இதற்குக் காரணம் குன்றிலே இல்லை. தொலைவில் மேற்கேயுள்ள வேல்ஸ் நாட்டு மலைகளில் உள்ளது. நீரில் பாறையைக் கடந்த பின்னரும் அலைகள் தொடர்வதுபோல, அம்மலைகளைக் கடந்த காற்றும் பெரும் அலைகளாக ஏறி இறங்கி வருகின்றது. அலையின் ஏறுமுகம் குன்றின்மேல் அமைந்தால் விமானம் மிக உயரம் செல்லும். இறங்குமுகம் அமைந்தால் குன்றின் எழுச்சியும் அடங்கிவிடும். கண்ணுக்குத் தோன்றாத இவ்வலை சற்றே முன்னும் பின்னும் நகருமாயின், நிலைமை முற்றிலும் மாறும். தாம் காணும் குன்றை மட்டும் அறிந்தவர் இதனைக் கண்டு திகைப்பர். காணாத மலையையும் எண்ணிப் பார்ப்பவரோ காரணத்தை அறிந்து, உயரம் போதுமானதாய் இருக்கும்பொழுதே இறங்குதளத்தை நெருங்கி நிற்பர்.

பிற்பகலில் காற்று தென்மேற்குப் பக்கம் திரும்புகின்றது. மேற்கை நேர்நோக்கிய சரிவுகளில் எழுச்சி தளர்கின்றது. தென்மேற்கு நோக்கி வளைந்த சரிவுகளே இப்பொழுது பயன் தருகின்றன. விமானி தம் உலாவைச் சுருக்கி, அவ்விடங்களிலேயே திரும்பித் திரும்பிச் செல்கின்றார். அப்பொழுது மேற்கு வானத்தில் சாம்பல்நிறத் திரை ஒன்று தொங்குகின்றது. அது மழை. மழை வந்தால் மேகத்தின் அடி தாழ்ந்து முகட்டையே மூடக்கூடும். இறக்கையின்மேல் படியும் நீர்த்துளிகள் விமானத்தை மேலும் விரைந்து தாழச் செய்யும். கண்ணாடி மங்கி வழி தெரியாமற் போகும்.

இந்நேரத்தில் இரண்டு விமானிகள் சரிவில் பறந்துகொண்டிருக்கின்றனர் எனக் கொள்வோம். முதலாமவர் இறங்குதளத்திற்கு மேல் 200 மீட்டர் உயரத்தில் உள்ளார். அவர் மழையைக் கண்டதும், எஞ்சிய எழுச்சியின்மேல் ஆசை வையாமல், தளத்தைச் சுற்றி வந்து, முகட்டருகே சுழலும் காற்றை எண்ணிச் சற்று மிகுந்த வேகத்தோடு அணுகி இறங்கிவிடுகின்றார். இரண்டாமவர், "இன்னும் ஒரு முறை சென்று வருவோம்" என்று எண்ணுகின்றார். சரிவின் கோடியை அடைவதற்குள் எழுச்சி அடங்குகின்றது. திரும்பி வரும்பொழுது முகடு அவர் கண்மட்டத்திற்கு மேலே நிற்கின்றது. உச்சியிலுள்ள தளத்திற்கு இனி அவர் செல்ல இயலாது. கீழேயுள்ள பள்ளத்தாக்கோ முகட்டினும் 200 மீட்டருக்கு மேல் தாழ்வானது.

அவர் முன்னே இப்பொழுது இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, சரிவை மேலும் மேலும் நெருங்கி, எஞ்சிய எழுச்சியைத் தேடி, எவ்வாறேனும் முகட்டை அடைய முயலுதல். உயரவேண்டும் என்னும் ஆவலில் விமானத்தின் முன்புறத்தைச் சற்றே தூக்குவார், வேகம் குறையும், அதனைச் சீர்செய்வதற்குரிய உயரம் கீழே இராது. லிலியென்தாலின் உயிரைக் கவர்ந்த அதே இடர் அங்குக் காத்திருக்கின்றது. மற்றொன்று, குன்றுக்கு முதுகு காட்டிவிட்டு, உயரம் இருக்கும்பொழுதே பள்ளத்தாக்கில் தகுந்த வயலைத் தேர்ந்து இறங்குதல். நம் இரண்டாம் விமானி இவ்வழியையே மேற்கொள்கின்றார். முதலில் செய்த தவறு அவரைத் தளத்தினின்றும் பிரித்தது; ஆனால், அத்தவற்றின்மேல் மற்றொரு தவற்றை அவர் அடுக்கவில்லை.

வயலைத் தேர்தலும் ஒரு கலையே. அது போதிய நீளம் உடையதா? காற்றை எதிர்த்து இறங்குவதற்கு ஏற்றதா? மின்கம்பிகள் குறுக்கே செல்கின்றனவா? உயர்ந்த பயிர் நிற்கின்றதா? கால்நடைகள் மேய்கின்றனவா? தரை சாய்வானதா? இவற்றையெல்லாம் மேலிருந்தே ஆராய்ந்து முடிவு செய்தல் வேண்டும். முடிவு செய்தபின் மனம் மாறுதல் ஆகாது. பொறியுடைய விமானி தவறான அணுகுதலைக் கைவிட்டு மீண்டும் மேலெழலாம். சறுக்கு விமானிக்கு மறுமுறை என்பது இல்லை. அவர் வேகத்தடைப் பலகைகளை உயர்த்தி, வேலியைக் கடந்து, புல்வயலில் இறங்கி நிற்கின்றார். சிறிது நேரத்தில் தோழர்கள் நீண்ட இழுவண்டியோடு வந்து, இறக்கைகளைக் கழற்றி ஏற்றிச் செல்கின்றனர். ஆடை நனைந்தது, பொழுது சென்றது, வேறு இழப்பு ஒன்றும் இல்லை. அதனை யாரும் இகழ்வதும் இல்லை.

எங்கு இறங்குவது என்பதை அறிந்த விமானி, எப்பொழுது இறங்குவது என்பதையும் அறிதல் வேண்டும். ஒரு காலத்தில் சறுக்கு விமானிகள், யார் மிக நெடுநேரம் பறப்பவர் என்று போட்டியிட்டனர். மலைமுகத்துக் காற்று நின்றாலன்றி விமானம் இறங்கவேண்டியதில்லை; ஆதலின் அப்போட்டி நாள்கணக்கில் நீண்டது. 1952-இல் ஷார்ல் அட்ஜே என்னும் பிரெஞ்சு நாட்டவர், தென்பிரான்சிலுள்ள அல்பீய் என்னும் குன்றுத்தொடரின்மேல் தனியொருவராய் 56 மணி 15 நிமிடம் பறந்தார். இரண்டு இரவுகளுக்கு மேல் உறங்காமல் இருந்தால் இந்நிலை எய்தமுடியும் என்பதை எண்ணிப் பாருங்கள். காற்று ஓயவில்லை, ஆனால் மனித உடல் ஓயும். விமானி இருக்கையிலேயே உறங்கிவிடும் இடர் நேர்வதைக் கண்டு, உலகச் சாதனைகளைப் பதிவு செய்யும் அமைப்பினர், பறக்கும் கால அளவைச் சாதனையாகக் கொள்வதையே பின்னர் விட்டுவிட்டனர்.

அதன்பின் திறமை வேறு துறைகளில் வெளிப்பட்டது. எவ்வளவு நேரம் நின்றோம் என்பதற்கு மாறாக, எவ்வளவு தொலைவு சென்றோம் என்பதை நோக்கலாயினர். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைத்தொடர் பல நூறு கிலோமீட்டர் நீண்டு கிடக்கின்றது. 1977-இல் கார்ல் ஸ்ட்ரீடிக் என்பார் அம்மலைமுகங்களில் மோதி எழும் காற்றையே பெரிதும் துணையாகக் கொண்டு, ஒரே பகலில் சென்று மீண்டு, 1,600 கிலோமீட்டருக்கு மேல் பறந்தார். ஒரு மலை முடிந்து மறுமலை தொடங்கும் இடைவெளிகளில் அவரைத் தாங்கும் காற்று இல்லை. அவ்விடைவெளிகளைக் கடப்பதற்கு வேண்டிய உயரத்தை முன்னரே ஈட்டி வைத்துக்கொண்டு சென்றமையே அவர் வெற்றிக்குக் காரணம்.

மாணவர்களே! 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பது நம் நாட்டுப் பழமொழி. களத்தில் நெல் தூற்றும் உழவர் காற்று நின்றவுடன் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார். சறுக்கு விமானிக்குக் காத்திருக்கும் வாய்ப்பு இல்லை. காற்று நின்ற நொடி முதல் அவர் இறங்கிக்கொண்டிருப்பார். ஆதலால், காற்று உள்ளபொழுது அதனைப் பயன்கொள்ளும் ஊக்கத்தோடு, அது நில்லாது என்னும் நினைவும் அவர்க்கு வேண்டும். உயரம் என்பது அவர் கையிலுள்ள முதல். அது மிகுதியாய் இருக்கும்பொழுது பல வழிகள் திறந்திருக்கின்றன. குறையக் குறைய ஒவ்வொரு வழியாக அடைபடுகின்றது. கடைசி வழியும் அடைபடுவதற்கு முன்னர், தாமே ஒன்றைத் தேர்ந்து கொள்பவரே நல்ல விமானி.

காற்றைப் பணியவைக்க எவராலும் இயலாது. அதன் இயல்பை அறிந்து, அது தருவதைப் பெற்று, அது தர மறுக்கும்பொழுது மனம் கோணாமல் தரைக்கு மீள்பவர், மறுநாளும் பறக்க உரியவர் ஆகின்றார். மாலையில் லாங் மிண்ட் குன்றின்மேல் மழை ஓய்ந்து வானம் தெளியும். இழுவண்டியில் மீண்டு வந்த விமானத்திற்கு இறக்கைகளைப் பூட்டி, ஈரத்தைத் துடைத்து, கொட்டகைக்குள் நிறுத்துவர். முதலாம் விமானியும் இரண்டாம் விமானியும் ஆளுக்கொரு பக்கம் இறக்கையைப் பற்றித் தள்ளிக்கொண்டே, நாளைக் காற்று எத்திசையிலிருந்து வீசும் என்று பேசிக்கொள்வர்.